தேவர்களுக்கு ஜெபம் எதற்கு?

சிங்கம் ஈன்றது சிங்கம், ஆடு ஈன்றது ஆடு, அப்படியானால் தேவனால் பிறந்தவன் யார்? மதுரையில் நான் போன கூட்டங்களிலும், காலை நேரத் தொலைக்காட்சிப் பிரசங்கங்களிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. பிரசங்கியார் கேள்வியைப் போட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவார். பிறகு சங்கீதம் 82-ஐத் திறந்து, "நீங்கள் தேவர்கள்" என்ற ஆறாம் வசனத்தை வாசிப்பார். "பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் ஒரு சிறிய தேவன்" என்பார். கைதட்டலும் அல்லேலூயாவும் பந்தலைப் பிளக்கும்.

அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை. மொத்தமே எட்டு வசனங்கள்தான். அநியாயத் தீர்ப்புச் செய்கிறவர்களை, துன்மார்க்கருக்கு முகதாட்சிணியம் காட்டுகிறவர்களை நிறுத்தி வைத்துத் தேவன் கேள்வி கேட்கிற சங்கீதம் அது. ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யுங்கள் என்று கட்டளையிடுகிறது. "நீங்கள் தேவர்கள்" என்று சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே, "ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து" என்று தீர்ப்பு வருகிறது. பட்டம் கொடுத்த வேகத்தில் பிடுங்கப்படுகிறது. யோவான் பத்தாம் அதிகாரத்தில் இயேசு இதே வசனத்தை எடுத்துப் பேசுகிறார் என்பது உண்மை. தேவதூஷணம் சொன்னதாகக் குற்றஞ்சாட்டி, கல்லெறிய நின்றவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. நியாயாதிபதிகளையே வேதம் தேவர்கள் என்று அழைத்திருக்க, பிதா பரிசுத்தமாக்கி அனுப்பிய என்னைத் தேவதூஷணம் சொல்கிறவன் என்று நீங்கள் சொல்வது எப்படி என்று கேட்கிறார். சீஷர்களைக் கூப்பிட்டு, நீங்களும் எனக்குச் சமம் என்று அவர் சொல்லவில்லை.

வசன விளக்கத்தில் வந்த பிழை என்று இதை விட்டுவிட முடியவில்லை. என் அத்தைக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அத்தை திருமங்கலத்தில் இருக்கிறார். பல வருடங்களாகச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை, மாலையில் நடை, இரவில் இரண்டு சப்பாத்தி என்று ஒழுங்காகத்தான் இருந்தார். மாமா போன பிறகு தனிமை. வீட்டுக்கு வந்து அன்பாகப் பேசி ஜெபித்த ஒரு ஊழியக்காரரின் கூடுகைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கற்றுக்கொடுத்தது இதுதான்: நீ தேவனுடைய வம்சம், வார்த்தையால் உலகத்தைப் படைத்தவரின் பிள்ளை, உன் வார்த்தைக்கும் படைக்கிற வல்லமை உண்டு, "எனக்கு வியாதி இல்லை" என்று அறிக்கையிடு, அது அப்படியே ஆகும். மாத்திரை சாப்பிட்டால் அந்த அறிக்கையை நீயே அழித்ததாகிவிடும்.

அத்தை மாத்திரையை நிறுத்தினார். எங்கள் யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போயிருந்த அன்று சமையலறையில் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். அதற்குள் வலது கால் பெருவிரலில் புண் கறுத்திருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. மருத்துவமனைக்கு வந்து பார்த்த அந்த ஊழியக்காரர், "விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது" என்று அத்தையிடமே சொல்லிவிட்டுப் போனார்.

விரலைவிட எனக்கு அதிகம் வலித்தது, பிறகு அத்தை சொன்ன ஒரு விஷயம். "அங்கே போக ஆரம்பித்த பிறகு நான் ஜெபமே செய்யவில்லை தம்பி. கட்டளையிடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டால் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தமாம். ராத்திரி கால் குத்தும். 'ஆண்டவரே, வலிக்கிறதே' என்று சொல்ல வாய் வரும். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன்." ஐம்பது வருடத்துக்கு மேலாகக் காலையும் இரவும் முழங்காலில் நின்றவர் அவர். தேவனுக்குச் சமமானவள் என்று சொல்லிக்கொடுத்து, தேவனோடு பேச முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். சமமானவன் எவரிடமும் கேட்க வேண்டியதில்லையே.

இதற்கு நேர் எதிராக எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் போட்ட அஸ்திவாரத்தில் எழுந்த சபைகளில் ஒன்று. சிறுவயதில் நான் கேட்ட பிரசங்கங்களில் மனிதன் பாவி, மண், புழு. அதெல்லாம் உண்மைதான், ஆனால் அங்கேயே நின்றுவிடுவார்கள். மன்னிப்பு கிடைக்கும், பரலோகம் கிடைக்கும் என்பார்கள். அதற்கு மேல் மனிதனைக் குறித்துத் தேவனுக்கு என்ன திட்டம் என்று யாரும் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை. இளைஞர்கள் அந்தப் பந்தல்களுக்கு ஓடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு உரிய மகத்தான வாக்குத்தத்தத்தை நாம் பெட்டியில் பூட்டி வைத்தோம். அதன் போலி ஒன்று அங்கே விலையில்லாமல் கிடைத்தது.

அந்த வாக்குத்தத்தம் 2 பேதுரு 1:4-இல் இருக்கிறது. நாம் "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு" வாக்குத்தத்தங்கள் அளிக்கப்பட்டிருக்கின்றன என்று அப்போஸ்தலன் எழுதுகிறார். 1 யோவான் 3:2, அவர் வெளிப்படும்போது நாம் "அவருக்கு ஒப்பாயிருப்போம்" என்கிறது. சின்ன வார்த்தைகளா இவை? ஆதி சபை இவற்றைக் கண்டு கூசவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயர் இரேனியு, தம் அன்பின் மிகுதியால் கிறிஸ்து நாம் இருக்கிறபடி ஆனார், தாம் இருக்கிறபடி நம்மை ஆக்குவதற்காக என்று எழுதினார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு இன்னும் துணிந்தார்: நாம் தெய்வமாக்கப்படும்படி அவர் மனிதரானார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இரட்சிப்பு என்றாலே இதைத்தான் நடுவில் வைக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அதன் 460-ஆம் எண்ணில், இரேனியுவையும் அத்தனாசியுவையும் தாமஸ் அக்வினாசையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டுகிறது.

அத்தனாசியு இதை எதற்காகச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். ஆரியு என்ற மூப்பர், குமாரன் படைப்புகளில் முதன்மையானவர், எவ்வளவு உயர்ந்தாலும் படைக்கப்பட்டவர்தான் என்று போதித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். எங்கள் சபையில் திருவிருந்து ஆராதனையில் இன்றும் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கம் அதுதான். தம் ஆயருக்கு உதவியாளராக அந்தச் சங்கத்துக்குப் போயிருந்த இளம் அத்தனாசியு, பின்னால் அதற்காகவே வாழ்க்கை முழுவதும் போராடி ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அவருடைய வாதம் இப்படிப் போகிறது: குமாரனும் ஒரு படைப்பு என்றால், அவர் நம்மைத் தேவனோடு இணைக்க முடியாது. கடன்பட்ட இருவரில் ஒருவர் மற்றவர் கடனை அடைக்க முடியுமா? அவர் இயல்பாகவே குமாரன்; நாம் கிருபையினால் பிள்ளைகள். அவருக்கு உள்ளது நமக்குத் தரப்படுகிறது. தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கோட்டை அழித்துவிட்டால், தருவதற்கு ஆளும் இல்லை, பெறுவதற்கு வழியும் இல்லை. இப்போது சிங்கக் கதைக்கு வருவோம். வேதம் நம்மைச் சுவிகாரப் பிள்ளைகள் என்கிறது. அப்பா பிதாவே என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள் என்பது ரோமர் எட்டாம் அதிகாரம். தத்தெடுத்த பிள்ளைக்கு வீடும் பேரும் சொத்தும் முழுதாக உண்டு. எல்லாமே அந்த அப்பா கொடுத்தது.

கத்தோலிக்க நண்பர் ஒருவருடன் கீழவெளி வீதியில் உள்ள புனித மரியன்னை பேராலயத்தில் திருப்பலிக்குப் போயிருக்கிறேன். காணிக்கைப் பகுதியில் குருவானவர் கிண்ணத்தில் திராட்சை இரசத்தை ஊற்றிவிட்டு, அதில் துளித் தண்ணீர் சேர்ப்பார். அப்போது அவர் மெல்ல ஒரு ஜெபம் சொல்வார். பெரும்பாலும் ஜனங்கள் காதில் விழாது. நம் மனித இயல்பில் பங்குகொள்ளச் சித்தமான கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் இந்தத் தண்ணீருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். தண்ணீர் ஜனங்கள், இரசம் கிறிஸ்துவின் இரத்தம். வெறும் இரசத்தைப் படைத்தால் நாம் இல்லாத கிறிஸ்து, வெறும் தண்ணீரைப் படைத்தால் கிறிஸ்து இல்லாத நாம். இத்தனை பெரிய உபதேசத்தை ஒரு துளியில் வைத்து, ஒவ்வொரு திருப்பலியிலும் அதைச் செய்து காட்டுகிறார்கள் என்று நண்பர் விளக்கியபோது, புராட்டஸ்டண்ட் பிள்ளையான எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆனாலும் அந்தத் துளி எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. விழுந்த துளியைப் பிறகு தேட முடியாது. கிழக்கத்திய சபைப் பிதாக்கள் இன்னொரு உவமையை விரும்பினார்கள்: நெருப்பில் கிடக்கிற இரும்பு. அதன் பொருள் எனக்கு விளங்கியது திருப்பாச்சேத்தியில். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில், அரிவாளுக்குப் பேர்போன ஊர். பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கரி உலையில் செருகியிருந்தார்கள். முதலில் கறுப்பாகத்தான் கிடந்தது. காற்று ஏற ஏற ஓரம் செந்நிறமாகி, பிறகு ஆரஞ்சாகி, ஒரு கட்டத்தில் கரிக்கும் பட்டைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. குறட்டால் பிடித்து வெளியே எடுத்தபோது நான்கு அடி தள்ளி நின்ற என் முகத்தில் அனல் அடித்தது. இப்போது அந்த இரும்பு நெருப்பு செய்வதையெல்லாம் செய்யும். வெளிச்சம் தரும், சுடும், தொட்ட வைக்கோலைப் பற்றவைக்கும். அப்படியும் அது இரும்புதான். இரும்பாக இருப்பதால்தான் சம்மட்டிக்கு வளைந்து அரிவாளாகிறது. உலையை விட்டு வெளியே கொஞ்ச நேரம் கிடந்தாலோ நிறம் இறங்கிவிடுகிறது. நெருப்பு அதற்குச் சொந்தமாகவில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் கிரேக்கத் துறவி கிரெகோரி பலாமாஸ் இதையே இறையியல் மொழியில் சொன்னார். தேவனுடைய சாரத்தை, அதாவது அவர் தம்மில் தாமே என்னவாக இருக்கிறாரோ அதை, எந்தப் படைப்பும் தொட முடியாது. அவருடைய ஆற்றல்களிலோ, அதாவது அவர் வெளிப்பட்டுச் செயல்படுகிற அருளிலும் ஒளியிலும், மனிதன் மெய்யாகவே பங்குபெற முடியும். மேற்கிலும் இதே எல்லை வேறு விதமாகப் போடப்பட்டது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், படைத்தவருக்கும் படைப்புக்கும் எவ்வளவு ஒப்புமை சொன்னாலும் அதைவிடப் பெரிய வேற்றுமை இருக்கும் என்று தீர்த்தது. எங்கள் சீர்திருத்த மரபில் கால்வின்கூட, 2 பேதுருவுக்கு எழுதிய விளக்கவுரையில், நம்மைத் தேவனுக்கு ஒப்பாக்குவது, சொல்லப்போனால் ஒருவகையில் தெய்வமாக்குவது, சுவிசேஷத்தின் நோக்கம் என்கிறார். அந்த மூச்சிலேயே, இது குணத்தைப் பற்றியது, சாரத்தைப் பற்றியது அல்ல என்றும் எச்சரிக்கிறார். கால்வின் இப்படி எழுதியிருக்கிறார் என்று எங்கள் சபையில் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

வேறு பாதையில் போனவர்களும் உண்டு. மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், 1844 ஏப்ரலில் இலினாய் மாநிலத்து நாவூ நகரில் செய்த பிரசங்கத்தில், தேவனே ஒருகாலத்தில் நம்மைப்போல இருந்து உயர்ந்தவர், நீங்களும் தேவர்களாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் புராட்டஸ்டண்டுகளும் இதை ஏற்பதில்லை. ஏணியில் முன்னே ஏறியவர், பின்னே ஏறுகிறவர் என்ற அளவுக்குத் தேவனுக்கும் மனிதனுக்கும் உள்ள தூரம் சுருங்கிவிட்டால் அங்கே படைத்தவர் இல்லை.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், "சித்தமலம் அறுவித்துச் சிவமாக்கி எனையாண்ட" என்று பாடினார். சிவமாக்கியதும் அவன், ஆண்டதும் அவன். சிவமான பிறகும் ஆளப்படுகிறவராகவே அவர் நிற்கிறார். முத்தியில் உயிர் சிவானந்தத்தை நுகரும், படைத்தல் காத்தல் முதலான ஐந்தொழில் சிவனுக்கே உரியது என்பது சைவ சித்தாந்தம். முத்தி பெற்ற உயிர் சிவனுக்குச் சமமாகிவிடும் என்ற சிவசமவாதத்தைப் பதினான்காம் நூற்றாண்டில் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் எடுத்து வைத்து மறுத்திருக்கிறார். கிரேக்க நாட்டில் பலாமாஸ் வாதாடிய அதே நூற்றாண்டு. ஆவணியில் புட்டுத் திருவிழா வரும்போது ஆரப்பாளையம் பக்கம் கூடுகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். வந்திக் கிழவிக்காகக் கூலியாளாய் மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்ட இறைவனின் கதை அங்கே குழந்தைக்கும் தெரியும். இரண்டு மார்க்கமும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. சித்தாந்தத்தின் திருவிளையாடல் வேறு, பெத்லகேமில் பிறந்து பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் செத்தது வேறு. எனக்கு இரண்டாவதே உயிர். ஆனால், இறைவன் இறங்கி வருவதைக் கேட்டுப் பழகிய காதுகள் இவை. இந்த ஊரில் நின்று, நீ ஏறிப்போய்ச் சமமாக உட்கார் என்று பிரசங்கிப்பது எவ்வளவு மலிவான பேச்சு என்பது, நம் அண்டை வீட்டுச் சைவருக்குப் புரிகிற அளவுக்குக்கூட நமக்குப் புரியாமல் போனதே என்பதுதான் என் ஆதங்கம்.

சமம் என்ற சொல் வேதத்தில் வருகிற முக்கியமான இடம் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம். கிறிஸ்து "தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்" தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்தார். ஏதேனில் சர்ப்பம் காட்டிய ஆசை, தேவர்களைப்போல் இருப்பீர்கள் என்பது. ஏவாள் கை நீட்டிப் பறித்தாள், ஆதாம் வாங்கித் தின்றான். சமம் உண்மையாகவே தமக்கு உரியதாயிருந்த ஒருவர் கையைத் திறந்து விட்டார். அவருக்கு ஒப்பாவது என்றால் எதில் ஒப்பாவது என்று இதற்குப் பிறகும் சந்தேகம் வரலாமா? தெரு முழுக்கத் தன் முகத்தைப் பேனராகக் கட்டி, மேடையில் சிங்காசனம் போல நாற்காலி போட்டு உட்காருகிறவர் எந்தத் திசையில் ஒப்பாகிக்கொண்டிருக்கிறார்? லீஸ்திரா நகரத்து ஜனங்கள் அப்போஸ்தலர்களான பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று சொல்லி எருதுகளோடும் மாலைகளோடும் வந்தபோது, அவர்கள் இருவரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி, நாங்களும் உங்களைப்போலப் பாடுள்ள மனுஷர்தான் என்று கத்தினார்கள்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அந்தக் குமாரன் என்ன செய்தார்? கேட்டார். பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். "ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். பாத்திரம் நீங்கவில்லை. பிதாவோடு ஒரே தன்மையுடையவரே முழங்காலில் நின்று கேட்டிருக்க, சர்க்கரை நோய் உள்ள ஒரு விதவை வலிக்கிறது என்று கேட்பது விசுவாசக் குறைவாம். இந்த உபதேசத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கெத்செமனே பகுதியை அத்தைக்கு நான் வாசித்துக் காட்டினேன். பலமுறை கேட்ட பகுதிதான். "அவரே கேட்டிருக்கிறாரே" என்று மட்டும் சொன்னார். இப்போது மாத்திரையும் ஊசியும் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார். அதற்கு முன் நன்றி சொல்லி ஒரு வரி ஜெபம். முழங்காலில் நிற்க முடியாததால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, கால் வலியிலிருந்து பேரன் வேலை வரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

எங்கள் வேதபாட வகுப்பில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கிற ஒரு பையன் கேட்டான்: "சரி அண்ணா, நித்தியத்துக்கும் நாம் அவருக்கு ஒப்பாகிக்கொண்டே போனால், என்றைக்காவது ஒரு நாள் சமமாகித்தானே ஆக வேண்டும்?" நல்ல கேள்வி. நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்து கிரெகோரி இதற்குப் பதில் வைத்திருக்கிறார். மோசேயின் வாழ்க்கையைத் தியானித்து எழுதிய நூலில், தேவனுக்கு எல்லை இல்லாததால் அவரை நோக்கிய வளர்ச்சிக்கும் முடிவில்லை என்கிறார். மோசே முட்செடியைப் பார்த்தான், மேகத்துக்குள் போனான், முகமுகமாய்ப் பேசினான். அதற்குப் பிறகும் உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும் என்றுதான் கேட்டான். நிறைவு என்பதே நிற்காமல் போவதுதான் கிரெகோரிக்கு. எண்களை எவ்வளவு தூரம் எண்ணிக்கொண்டு போனாலும் முடிவிலி வராது என்று அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவனே சொன்னான். பிறகு, "அப்படியானால் அங்கேயும் கேட்டுக்கொண்டேதான் இருப்போமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கிரெகோரியின் நூலை அடுத்த மாதத்திலிருந்து வகுப்பில் வாசிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.